தொண்ணூற்றேழு சதவீதக் கல்யாணம்

கணினிக்கு ஒரு குணம் உண்டு. நல்ல சேதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். கெட்ட சேதியை மொத்தமாகச் சேர்த்துவைத்துத் தொண்ணூற்றேழாவது சதவீதத்தில் சொல்லும். டிவிடி எரிக்கும்போது திரையில் ஊர்ந்து போகுமே ஒரு பச்சைக் கோடு, அது பத்து இருபது என்று ஏறி, ஐம்பதைத் தாண்டி, வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் நம்பிக்கை கொடுத்து, யாராவது ஒருவர் "முடிஞ்சிருச்சு போல" என்று வாயைத் திறந்த மறுநிமிடம் நின்றுவிடும். ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் 'ரைட் எரர்'. எங்கே பிழை, எதனால் பிழை என்ற விவரம் எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மொட்டைக் கடிதம் போடுகிறவன்கூட இதைவிட விளக்கமாகப் போடுவான்.

கண்டனூரில் எங்கள் வீட்டுக்குள் இந்தச் சிவப்புக் குறி வந்தது 2009-ல். ஆச்சி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. ஆச்சி என் அக்காள். அவருடைய கல்யாணம் 1991-ல் இதே வீட்டில் நடந்தது. அதன் வீடியோ மூன்று மணி நேர கேசட்டாக வெள்ளிச் சாமான்களோடு பீரோவில் பூட்டிக் கிடந்தது. திருடன் தொடவில்லை. பூஞ்சை தொட்டிருந்தது. "இதை டிவிடியாப் போட்டு, வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுத்திரணும். ஈப்போவுல இருந்து எங்க நாத்தனா வேற கேட்டுக்கிட்டே இருக்கு" என்று ஆச்சி சொன்னார். வீட்டில் கணினி இருப்பது என் அறையில். வேலை யார் தலையில் விழும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

கேசட்டைக் கணினிக்குள் இறக்குவது ஓட்டிப் பார்க்கிற நேரமே ஆகிற வேலை. மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம். அந்தக் காலத்து மிக்ஸிங் கலையை முழுக்க அனுபவித்தேன். மாப்பிள்ளை ஒரு ரோஜாவுக்குள்ளிருந்து வருவார். பெண் ஒரு இதயத்துக்குள்ளிருந்து வருவார். பந்தியில் சாப்பிடுகிற பெரியவர் ஒருவர் மட்டும் எந்தப் பூவுக்குள்ளும் போகாமல் நாலு நிமிடம் பால் பணியாரம் சாப்பிடுவார்.

முதல் தகராறு அளவில் வந்தது. வட்டின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கணினியோ 4.38 தான் என்று சாதிக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வட்டு விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1024, 1024-ஆக எண்ணுகிறது. வாங்கும்போது ஒரு படி, அளக்கும்போது ஒரு படி என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமா என்ன. "மூணுல ஒரு பங்கு ஜிபி எங்கே போச்சுன்னு கடைக்காரனைக் கேட்டியா?" என்று அத்தான் விசாரித்தார். படத்தின் தரத்தைக் கொஞ்சம் இறக்கி, மூன்று மணி நேரத்தையும் 4.38-க்குள் அடக்கிவிட்டு எரிக்க உட்கார்ந்தேன்.

எரிப்பதற்கென்று அப்போது பேர் பெற்ற மென்பொருள் நீரோ. அதன் சின்னத்தில் ரோமாபுரியின் கொலோசியம் தீப்பிடித்து எரியும். ரோமில் தீ பிடித்தது 64-ல். நீரோ இறந்தது 68-ல். கொலோசியத்தைக் கட்டி முடித்துத் திறந்ததே 80-ல்தான். பிறக்காத கட்டடத்தைக் கொளுத்திக் காட்டுகிற தைரியம் இருக்கிறவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும்.

97-ல் நின்றது. வேறு வட்டு போட்டேன். 93. இன்னொன்று. மறுபடி 97. மூன்று சதவீதம்தானே பாக்கி, திருப்பூட்டுதல் வரைக்குமாவது பதிந்திருக்கும், போட்டுப் பார்க்கலாம் என்றால் டிவிடி பிளேயர் 'நோ டிஸ்க்' என்றது. வட்டு விஷயத்தில் அரைக் கல்யாணம் என்பதே கிடையாது. எழுதி முடித்துக் கடைசியில் மூடி முத்திரை வைத்தால்தான் பிளேயர் அதை வட்டென்று மதிக்கும். அதுவும் ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாத ரகம். கெட்டால் கெட்டதுதான்.

அப்புறம் வீட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

அத்தான் கட்சி, மின்சாரம். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் ஓடும்போது எங்கள் தெருவுக்கு வோல்டேஜ் இறங்குகிறது, லேசர் சோர்ந்துவிடுகிறது என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆலை ஓடாத நள்ளிரவிலும் 97-தான். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டுக்கு அட்டவணையே உண்டு என்பதால் அதையும் விசாரித்தோம். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். 16 மடங்கு வேகத்தில் எழுதினால் ஆறு நிமிடத்தில் வட்டு முடிய வேண்டும். ஆகவே 'கரண்டு போறதுக்குள்ள வேகமா முடி' என்பதே குடும்பத்தின் கொள்கையானது.

மின்சாரம் தோற்றதும் அத்தான் வரலாற்றுக்குப் போனார். "போர்க் காலத்துல மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில ஸ்டுடியோ போட்டாரு. 'நாம் இருவர்' இங்கேதான் எடுத்தது. 1947-ல ஊரே பார்த்துச்சு. முழு சினிமாவையே எடுத்து வெளியிட்ட ஊருப்பா இது. உன்னால எடுத்து வெச்ச கல்யாணத்தை ஒரு தகட்டுல ஏத்த முடியல" என்றார். 1953-லிருந்து காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய்க் காட்டினால் என்ன என்றும் கேட்டார். துரு ஏன் பிடிக்கிறது, பாட்டரி எப்படி நிற்கிறது என்று ஆராய்கிற விஞ்ஞானிகளிடம் ஆச்சியின் கல்யாணத்தை நீட்டும் துணிச்சல் எனக்கு வரவில்லை. "மோசர் பேயர்காரன் முழுப் படத்தையே 28 ரூபாய்க்கு விக்கிறானே, அவன் வட்டெல்லாம் நிக்குதா?" என்றார். அது வேறு கதை. கடையில் விற்கிற படத்தை யாரும் எரிப்பதில்லை. அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் போட்டால்தான் கட்டுப்படியாகும். எங்கள் சொந்தம் பெரிதுதான், ஆனால் அவ்வளவு பெரிதில்லை.

ஆச்சியின் கட்சி வேறு. நான் புது வட்டை உறையிலிருந்து எடுத்து அப்படியே உள்ளே தள்ளுவதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, கணினிக்குப் பக்கத்தில் வட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவி நடுவில் குங்குமம். எங்கள் வீடுகளில் புதுக் கணக்கு நோட்டு வாங்கினால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் ஒரு வரி எழுத மாட்டார்கள். பர்மாவில் கடை வைத்திருந்த காலத்திலிருந்து பேரேட்டுக்கு நடக்கிற மரியாதை அது. கல்யாணத்தை எழுதப்போகிற வட்டுக்கு அதுகூடக் கிடையாதா என்பது ஆச்சியின் நியாயம். நியாயத்தில் குறை சொல்ல முடியாது. பொட்டு விழுந்த பக்கத்தில்தான் கோளாறு. பெயர் எழுதுகிற மேல் பக்கம் சாதாரணமாக, மங்கலாக இருக்கிறது, கீழ்ப் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பொட்டு எங்கே வைப்பார்கள்?

லேசர் பார்க்க வேண்டிய பக்கம் அது. வட்டுகளை எடுத்துத் துடைத்தேன். மஞ்சள் பிளாஸ்டிக்கை அவ்வளவு எளிதில் விடாது. நல்லவேளையாக ஒன்றும் உள்ளே போகவில்லை. நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழலும் தட்டிலிருந்து குங்குமம் பறந்து லென்ஸில் போய் ஒட்டியிருந்தால், அதற்கப்புறம் அந்த ரைட்டருக்கு நிரந்தர சுமங்கலிப் பட்டம்தான். ஆச்சி மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்து, ரைட்டர் எழுதத் தொடங்கும் முன் என்ன செய்கிறது என்பதை விளக்கினேன். வட்டின் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் லேசரைக் கூட்டியும் குறைத்தும் கொஞ்சம் எழுதிப் பார்க்கும். எந்த அளவு சூடு இந்த வட்டுக்குச் சரிப்படும் என்று தெரிந்துகொண்ட பிறகே உண்மையான எழுத்தை ஆரம்பிக்கும். மட்டமான வட்டாக இருந்தால் அந்த இடத்திலேயே பிழை என்று நின்றுவிடும்.

"அப்ப அதுவே பிள்ளையார் சுழி போட்டுக்குதா?"

"ஆமா ஆச்சி."

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று மிச்ச வட்டுகளைத் திருப்பி மேல் பக்கத்தில் பொட்டு வைத்தார். அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை பெண் படம் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலை. காகித ஸ்டிக்கர் ஒரு பக்கம் இழுத்தால் வட்டு எடை ஒக்காமல் உள்ளே ஆடும். நாளாக நாளாக வளையவும் செய்யும்.

ஏன் எப்போதும் தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது என்பதற்கு வட்டின் அமைப்பிலேயே பாதி பதில் இருந்தது. வட்டில் லேசர் ஓட்டை போடுவதில்லை. உள்ளே மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. சிவப்பு லேசர் அதை அங்கங்கே சுட்டு நிறம் மாற்றுகிறது. எழுத்து நடுவில் தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே கோடு. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். அந்தக் கோட்டைப் பிரித்து நேராக இழுத்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். எங்கள் வீட்டு முகப்பில் தொடங்கினால் காரைக்குடிக்குள் போய்விடலாம். சாயம் சீராகப் படியாமல் போவது பெரும்பாலும் வெளி ஓரத்தில். வேகம் உச்சத்துக்குப் போவதும் அதே ஓரத்தில். வழியெல்லாம் நன்றாக வந்த பஸ் காரைக்குடி எல்லையில் பஞ்சராவதில் ஆச்சரியமில்லை.

மீதிப் பாதி பதிலைச் சொன்னது காரைக்குடியிலிருந்து வந்த ஒரு தம்பி. ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு செல்போன், அவ்வளவுதான் சாமான். கணினியைத் தொடக்கூட இல்லை. "ஒண்ணு எழுத விடுங்கண்ணே, பார்ப்போம்" என்று பச்சைக் கோட்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்த சின்னக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பஃபர் என்று போட்டிருந்தது. நூறு, ஐந்து, நாற்பது, பூஜ்யம் என்று துள்ளிக்கொண்டிருந்தது. "பார்த்தீங்களா? ரைட்டர் எழுதத் தயாரா நிக்குது. சொல்றதுக்கு ஆளில்லை" என்றார்.

16 மடங்கு வேகம் என்றால் வினாடிக்கு 22 எம்பி தீனி போட வேண்டும். எங்கள் கணினி இரண்டு மூன்றுதான் போட்டுக்கொண்டிருந்தது. காரணம் விசித்திரமானது. கணினிக்கும் ரைட்டருக்கும் நடுவில் ஒரு பட்டை ஒயர் போகிறது. அசெம்பிள் செய்தவர்கள் மூடியைப் பூட்டும்போது அது மடங்கி நசுங்கியிருந்தது. வழியில் சேதி கெட்டால் இயங்குதளம் பொறுத்துக்கொள்ளும். ஆறு தடவை கெட்டால் பொறுமையிழந்து, இந்த வழி சரியில்லை என்று தீர்மானித்து, பி.ஐ.ஓ. என்கிற பழைய மெதுவான முறைக்கு ரகசியமாக மாறிவிடும். யாரிடமும் சொல்லாது. ஒயரைச் சரிசெய்தாலும் திரும்பி வராது. அந்த முறையில் ஒவ்வொரு துண்டையும் ப்ராசஸரே தூக்கிச் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ரைட்டர் தீனி தீர்ந்தால் லேசரை நிறுத்தி, வந்ததும் விட்ட இடத்தில் ஒட்டுப் போட்டு எழுதும். இந்த வித்தை 2000 வாக்கில் வந்தது. அதற்கு முன்பு தீனி ஒரு கணம் நின்றாலே வட்டு குப்பைக்குப் போகும். எங்கள் வட்டில் ஒட்டுப் போட்டுப் போட்டு, சாயம் மோசமான ஓரத்துக்கு வரும்போது ஒட்டு நிற்கவில்லை.

தம்பி ஒயரை மாற்றினார். டிவைஸ் மேனேஜருக்குள் போய் அந்த ஐடிஇ சேனலையே நீக்கினார். கணினியை அணைத்துப் போட்டதும் அது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பழைய வேகத்தோடு எழுந்தது. லென்ஸைத் துடைத்தார். போகும்போது, "16-ல போடாதீங்கண்ணே. நாலுல போடுங்க. கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்" என்றார். யுபிஎஸ் பத்து நிமிடம்தானே என்றேன். "கரண்டு இருக்கையில போடுங்க" என்றார். இத்தனை நாளில் வீட்டில் யாருக்கும் தோன்றாத யோசனை.

மறுநாள் 97-ஐத் தாண்டி 98, 99. வீட்டில் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. நூறு. சரிபார்ப்பும் முடிந்து பிழை ஏதுமில்லை என்றது. தோற்ற வட்டுகளை ஆத்தா வீணாக்கவில்லை. ஆத்தா எங்கள் அம்மா. நூலில் கோத்து, வளவில் வத்தல் காய்கிற இடத்துக்கு மேலே கட்டிவிட்டார். காக்கை ஒன்றும் கிட்டே வரவில்லை.

சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து புது டிவிடியைப் பார்த்தோம். கேசட்டை நிறுத்தினால் படம் நடுங்கிக் கோடு கோடாகும். டிவிடியை நிறுத்தினால் அப்படியே நிற்கும். ஆச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சீர்ச் சாமான் பரப்பியிருந்த காட்சி வந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். கிட்டே போய் விரலால் எண்ணினார். எழுந்து போய்ப் பீரோவிலிருந்து 1991-ம் வருஷத்துச் சாமான் சிட்டையை எடுத்து வந்தார். மறுபடி எண்ணினார்.

"சிட்டையில எவர்சில்வர் தூக்கு பன்னெண்டுன்னு இருக்கு. இதுல பதினொண்ணுதான் இருக்கு."

வீடு அமைதியானது. கொஞ்ச நேரம் கழித்து ஆத்தா, யாரையும் பார்க்காமல், "அன்னைக்கு வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கணும்னு ஒண்ணை அடுப்படிக்கு எடுத்தேன். அப்புறம் அது அங்கேயே இருந்திருச்சு" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து போன். நாத்தனார்தான். டிவிடி எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆச்சி என் பக்கம் குனிந்து, குரலை இறக்கி, "இன்னும் எரர் அடிக்குதுன்னு சொல்லு" என்றார்.