ரெஜிபோமில் பூத்த ரோஜா: மூதூர்க் கரையின் சிக்கனக் கேக் அலங்காரம் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கையில் காசு குறையக் குறையக் கேக்கில் பூக் கூடும். இக்கட்டுரை நிறுவப் புகும் விதி இதுவே. கேக் பெருத்தால் பூ சிறுக்கும், கேக் சிறுத்தால் பூ பெருகும் என்பது அதன் கிளை விதி. இவ்விதி எப்படி இயங்குகிறது, செலவை யார் தலையில் கட்டுகிறது என்பவை கீழே ஆராயப்படும். கேக்கின் சுவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கேக் வெட்டும் வீடுகளிலும் அது அப்படித்தான்.

1. கள இயல்

ஆய்வுக் களம் திருகோணமலை மாவட்டம், மூதூர் பிரதேச செயலகப் பிரிவு, கட்டைபறிச்சான். மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் உள்ள ஊர். திருகோணமலை டவுன் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை, கிண்ணியா வழியே டவுனுக்குப் போகிறவர்கள் மிதவைப் பாதையில் ஏறித்தான் நீர் கடந்தார்கள். மற்றவர்கள் மூதூரில் லோஞ்ச் பிடித்தார்கள். கால் அங்குல நொசில் ஒன்றுக்காகக் கடல் தாண்டுவது அனுமனுக்கே கட்டுப்படியாகாது. வீட்டில் கிடப்பதைக் கொண்டு ஒப்பேற்றும் மரபு இங்கே வேர்விட்டதற்கு இது முதற் காரணம்.

இரண்டாம் காரணம் சிரிப்புக்குரியதன்று. 2006இல் சண்டையில் பெயர்ந்த சம்பூர் மக்கள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2015க்குப் பிறகே அவர்களின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. தகரத்திலும் தறப்பாளிலும் குடித்தனம் நடத்திய பகுதிக்குச் சிக்கனம் பற்றி வகுப்பெடுக்க எந்த ஆய்வாளருக்கும் தகுதியில்லை. குறிப்பெடுக்கலாம், அவ்வளவே.

2. முன்னோர் இயல்

கேக்கின் வெளித்தோற்றமே கேக் எனும் கொள்கையை நம்மவர் கண்டுபிடித்ததாக மார்தட்ட இடமில்லை. 1840இல் விக்ரோறியா மகாராணியின் கலியாணக் கேக் 300 இறாத்தல் எடையும் மூன்று யார் சுற்றளவும் கொண்டிருந்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1940 ஓகஸ்டில், அதே நாட்டு அரசு வெந்த கேக்கின் மேல் சீனி பூசுவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. போர்க்காலம், சீனி பங்கீட்டில் கிடைத்த காலம். இலண்டன் கலியாண வீடுகள் அழுதுகொண்டிருக்கவில்லை. மட்டையால் செய்து வெள்ளையடித்த மூன்று அடுக்குக் கேக்கை வாடகைக்கு எடுத்து, உள்ளே கையகலக் கேக் ஒன்றை ஒளித்துவைத்துப் படம் பிடித்துக்கொண்டன.

அதே போரில் திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளம். 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன. மட்டைக் கேக் தத்துவம் அந்தக் கப்பல்களில் ஏறி வந்து இறங்கியதா எனின், அதற்குச் சான்றில்லை. பஞ்சம் எங்கே போனாலும் ஒரே விதமாகத்தான் யோசிக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

3. ரெஜிபோம் இயல்

நம் நாட்டுக் கலியாண மேடையிலும் சாமத்தியச் சடங்கு மேடையிலும் நிற்கும் கேக்கை மூவகைப்படுத்தலாம்: முழுமெய், அரைமெய், பொய். முழுமெய் பணக்காரருக்கு உரியது. ஆய்வுச் சுவாரசியம் அற்றது. அரைமெய்யில் அடியடுக்கு ரெஜிபோம் (பொதி கட்டும் வெள்ளை நுரைப் பலகை), நடுவடுக்கு ரெஜிபோம், மேலடுக்கு கேக். பொய்யில் எல்லாம் ரெஜிபோம். கத்தி இறங்குவதற்கு மட்டும் பின்புறத்தில் ஒரு துண்டு கேக் செருகப்பட்டிருக்கும். விருந்தினருக்குப் போகும் துண்டுகள் குசினியில் தட்டுக் கேக்காக வெந்து, தாளில் சுற்றி, சின்னப் பெட்டியில் அடங்கும்.

இது வஞ்சனை ஆகாதோ எனின், ஆகாது. வெட்டுகிறவருக்குத் தெரியும், படம் பிடிக்கிறவருக்குத் தெரியும், முன்வரிசையில் இருக்கும் மாமிமாருக்கு எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாதவர் ஒருவருமில்லாத இடத்தில் ஏமாற்று எங்கிருந்து வரும்? மேலும், வைபவம் முடிந்ததும் ஈரத் துணியால் ஐசிங்கைத் துடைத்தால் ரெஜிபோம் மறுபடி கன்னியாகிவிடும். அக்கா கலியாணத்தில் நின்ற அடுக்கே தங்கச்சி கலியாணத்திலும் வேறு நிறத்தில் நிற்கலாம். மெய்க் கேக்குக்கு இந்த மறுபிறவி வாய்க்காது.

4. கருவி இயல்

பழகுநருக்கு வேண்டிய கருவிகள் நான்கு. கடையில் வாங்கினால் காசு. வீட்டில் தேடினால் குப்பை.

முதலாவது பை. பால்மாப் பைக்கற்றைக் கழுவிக் காயவைத்துக் கூம்பாகச் சுருட்டினால் ஐசிங் பை. நுனியை வெட்டும் விதத்தில்தான் வித்தை இருக்கிறது. நேராகச் சிறிது வெட்டினால் புள்ளியும் எழுத்தும் வரும். நுனியைத் தட்டையாக்கி இருபுறமும் சரித்து அம்புமுனை போல வெட்டினால் நடுநரம்போடு இலை வரும். ஒரு பைக்கற்றுக்கு ஒரு வெட்டுத்தான்; பிழைத்தால் அடுத்த பைக்கற் காலியாகும்வரை வீட்டார் தேத்தண்ணி குடித்துத் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது ரோஜா ஆணி. சோடா மூடியின் நடுவே நீள ஆணி ஒன்றை அடித்து இறக்கினால் வேலை முடிந்தது. மூடியின் மேல் சதுரத் தாளை ஒட்டி, இடது கைவிரல்களால் ஆணியை உருட்ட உருட்ட, வலது கை இதழ் போடும். முதலில் நடுவே ஒரு மொட்டு. அதைச் சுற்றி 3 இதழ், பிறகு 5, பிறகு 7. உருட்டும் கை முந்தினால் இதழ் கிழியும். பிழியும் கை முந்தினால் ரோஜா கோவாவாகும். தாளோடு கழற்றிக் காயவைத்துப் பின் கேக்கில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது முறுக்கு உரல். நட்சத்திரத் துளை அச்சு நம் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அதில் ஐசிங்கைப் போட்டுப் பிழியலாம் என்று துணிந்தவரே முன்னோடி. மறுநாள் முறுக்கில் வனிலா மணம் வீசியதால் மாமியாரிடம் வாங்கிக் கட்டியதும் அவரே.

நான்காவது பொறுமை. பழக்க ஐசிங்குக்கு முட்டை வேண்டாம், பட்டர் வேண்டாம். மாஜரினையும் மாவையும் குழைத்து, கவிழ்த்த தட்டில் பூப் போட்டு, வழித்து, மறுபடி பையில் நிரப்பி, மறுபடி போடலாம். நூறு ரோஜா ஒரே ஐசிங்கில் பிறந்து மடியும்.

துணைக் கைவினைகளும் இதில் அடங்கும். கேக் பலகைக்குப் பழைய சேலைக் கரை, மேசைக்குப் பிளாஸ்ரிக் போத்தலில் வெட்டிய பூ, துண்டுக் கேக்குக்கு மட்டைப்பெட்டிக்குப் பதிலாகப் பனையோலைப் பெட்டி. ஓலைப்பெட்டி மலிவு, அழகு. வாங்கிப் போகிறவர் கேக்கைத் தின்றுவிட்டு அதில் உள்ளி போட்டுவைப்பார்.

5. பருவ இயல்

இக்களத்தில் ஆண்டு இரண்டாகப் பிரியும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும். வெயில் 35 பாகையைத் தொடும். பட்டர் அந்தச் சூட்டில் நிற்காது. காலையில் நட்ட ரோஜா மத்தியானம் கேக்கின் விலாவில் வழியும். மாஜரின் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பதால், சிக்கனம் இங்கே தற்செயலாக விஞ்ஞானமும் ஆகிறது. மாரியில் நிலைமை மறுதலை. முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த றோயல் ஐசிங் காற்றின் ஈரத்தில் காயாமல் அழும். இரண்டு ஐசிங்கும் ஒழுங்காக நிற்கும் இடைக்காலத்தில் கலியாண நாள் வைக்கும்படி எந்தச் சாத்திரியாரும் இதுவரை கணித்துக் கொடுத்ததில்லை.

6. பொருளியல்

2022 இவ்வியலின் பொற்காலம். அதாவது, பொன் விலைக் காலம். ஏப்ரலில் 12.5 கிலோ லிற்றோ காஸ் 4,860 ரூபாவானது, அதற்கும் வரிசை. ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என அரசு உச்ச விலை குறித்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. இயற்கை நிறம் பூசலாம் என்றால், இறக்குமதித் தடையால் 2020இலேயே மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. இந்த நிலையில் கேக் அடிக்கப் பழகியவர்கள் பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, நடுவே தட்டை வைத்து, மூடி மேல் சிரட்டைத் தணல் போட்டு வேகவைத்தார்கள். அவண் இல்லாதது குறையாகத் தெரியவில்லை. முட்டை இல்லாததுதான் தெரிந்தது. முட்டையைக் குறைத்தார்கள், கேக் சிறுத்தது. சிறுத்த கேக்கை வெறுமையாக அனுப்ப மனம் வராமல் பூவைக் கூட்டினார்கள். விதி நிறுவப்பட்டது.

இனி அதன் உள்ளியக்கம். மாவுக்கு விலை உண்டு, முட்டைக்கு விலை உண்டு, காஸுக்கு விலை உண்டு. பூவுக்கு? ஓடர் கொடுக்க வரும் மச்சாளின் கணக்கைக் கேளுங்கள்: “அரைக் கிலோ மா, ஐஞ்சு முட்டை, மாஜரின்… எல்லாம் போட்டாலும் இவ்வளவுதானே வரும், அக்கா?” இரவு பதினொரு மணிவரை ஆணி உருட்டிய விரல் அந்தக் கணக்கில் இல்லை. விலை ஏறிய பொருளைக் குறைத்து விலையில்லாப் பொருளைக் கூட்டுவது எந்த வியாபாரியும் செய்வது. இங்கே விலையில்லாப் பொருள் வீட்டுப் பெண்ணின் நேரம். கேக்கில் பூக் கூடுவதற்கு ஆதாரம் அழகுணர்ச்சி மட்டுமன்று, சம்பளம் கொடாமையும்தான்.

7. பரிந்துரை

பற்றுச்சீட்டில் இரண்டு வரி எழுதுக: கேக் இவ்வளவு, பூ இவ்வளவு. “பூவுக்குமா காசு?” என்று கேட்பார்கள். “வேண்டாமெண்டா விடுங்கோ, பூவில்லாமல் தாறன்” என்க. சாமத்தியச் சடங்குக்கு மொட்டைக் கேக் கொண்டுபோக இந்தக் கரையில் எந்தத் தாய்மாமனும் துணியமாட்டான். ஆகவே பேரம் படியும். முழு விலையும் உடனே கிடைக்காது. பாதி கிடைத்தாலும் அந்தப் பாதி, பூவுக்கு இதுவரை கிடைத்ததைவிட எல்லையற்ற மடங்கு அதிகம் என்பது கணிதம்.