பாக்கி யார் பேரில்?

பாலக்கரை ரவுண்டானாவில் ஒரு நடிகர் ஏறத்தாழ பதினாலு வருஷம் மூடிய முகத்தோடு நின்றார். 2011இல் வைத்த சிவாஜி கணேசன் சிலை அது. வைத்தார்கள், திறக்கவில்லை. பக்கத்துச் சங்கிலியாண்டபுரத்தில் அரைக்கால் சட்டையோடு திரிந்த மனிதர், தன் பேட்டையிலேயே துணிக்குள் நின்றார். 2025இல் புத்தூருக்குக் கொண்டுபோய்த்தான் முதலமைச்சர் திறந்துவைத்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தத் துணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் 'இந்த ஆளு தன் சாதிக்காரங்களுக்கு என்னா செஞ்சாரு?' என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாதுதான். அவர் நடிகர். நடித்தார். கணக்கு முடிந்தது.

எல்லாருக்கும் கணக்கு இப்படி முடிவதில்லை.

ரவுண்டானாவை ஒட்டிய டீக்கடையில் காலை ஏழு மணிக்கு ஒரு கோர்ட்டு கூடும். நீதிபதிகள் எல்லாரும் பென்ஷன் வாங்குகிறவர்கள். ஒருவர் ரயில்வே, ஒருவர் பாங்கு, இரண்டு பேர் வாத்தியார். நானும் அதில் ஓரத்து பெஞ்சு நீதிபதி. வழக்கு தினமும் ஒன்றேதான், பிரதிவாதி மட்டும் மாறுவார். "மேல வந்துட்டான்ல, அவன் ஆளுங்களுக்கு என்னா பண்ணான் சொல்லு?" இந்த 'அவன்' யார் என்பதில்தான் சூட்சுமம். முதலியார் நடிகரையோ ஐயர் வீட்டுப் பாடகரையோ இந்தக் கூண்டில் ஏற்றி நான் பார்த்ததில்லை. அவர்கள் கலைஞர்கள். கலைக்கு ஏது சாதி, சேச்சே! சேரியில் பிறந்து மேலே வந்தவன் மட்டும், கலைஞன் ஆவதற்கு முன்னாலேயே கடன்காரன் ஆகிவிடுகிறான்.

2022 ஏப்ரலில் கோர்ட்டு களைகட்டியது. அம்பேத்கரையும் மோடியையும் சேர்த்துவைத்து வந்த ஒரு புத்தகத்துக்கு இளையராஜா முன்னுரை எழுதியிருந்தார். அந்த முன்னுரை எனக்கும் கசந்தது. எழுதியதை எழுதியதாக வைத்து மறுத்திருக்கலாம், சிரித்திருக்கலாம். எங்கள் கோர்ட்டு அதற்கெல்லாம் நேரம் ஒதுக்கவில்லை, நேராகப் பிறப்புக்குப் போனது. அம்பேத்கர் படம் போட்ட பஸ் ஸ்டாப்பில் நிற்கக் கூசி, அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோகிற ஒருவர், அன்று அம்பேத்கருக்காகக் கண்கலங்கினார். "அம்பேத்கர் இல்லேன்னா இவன்லாம் எங்க இருந்திருப்பான்?" அம்பேத்கர் புத்தகம் ஒன்றை அவர் கையில் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அம்பேத்கர் பேரில் பாக்கி வசூலிக்கும் உரிமை தனக்கு இருப்பதாக அவர் மனசார நம்பினார்.

அந்த ஜூலை 6ஆம் தேதி மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர்களாக நாலு பேரை அறிவித்தார்கள். இளையராஜா, பி.டி. உஷா, விஜயேந்திர பிரசாத், வீரேந்திர ஹெக்டே. டீக்கடையில் மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வாழ்த்து. இளையராஜாவுக்கு மட்டும் ஜப்தி நோட்டீஸ்.

அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பாத ஒன்றை ஊர் ஐம்பது வருஷமாக அவருக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டப வாசலில் அவரை விலகி நிற்கச் சொன்னதாக வீடியோ பரவியது. நாடே அவருக்காகக் கொதித்தது. மறுநாள் அவரே, வதந்தி அது, சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிற ஆள் நானில்லை என்றார். உடனே நாடு அவர்மேல் கொதித்தது. காயம் பட்டதா இல்லையா என்பதைக்கூடப் பாதிக்கப்பட்டவர் முடிவு செய்யக் கூடாது, நாங்கள் சொல்வோம், நீ நொண்டு! அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் போய்த் தொண்டை வறளப் பாடிய பையன் அவர் என்பது இந்த விசாரணையில் சாட்சியமாக வருவதே இல்லை. அந்த வரவு வேறு யாரோ கணக்கில் ஏறிவிட்டது போல.

இன்னொரு வரவும் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் காவிரிப் பாலம் தாண்டினால் போதும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்றது. அகோபில மடத்தின் நாற்பத்து நாலாம் பட்டம் ஜீயர் அதைக் கட்டி முடிக்க இறங்கி, 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. 236 அடி, பதின்மூன்று நிலை. அந்தப் பதின்மூன்றில் ஒரு நிலைக்கான செலவை ஏற்றவர் இளையராஜா. நம் கோர்ட்டு நீதிபதிகள் ஏகாதசி தவறாமல் அந்தக் கோபுரத்துக்குக் கீழே நுழைகிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒரு பங்கு, தாங்கள் 'என்னா செஞ்சான்' என்று கேட்ட ஆளுக்குப் போய்ச் சேருகிறது என்பது அவர்கள் கன்னத்துக்குத் தெரியாது.

அந்தக் காசில் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் உண்டியலில் போட்ட காசில் எத்தனை பள்ளிக்கூடம் எழும்பியது என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

திருச்சியின் முதல் நட்சத்திரத்துக்கே இந்தக் கதிதான். உறையூர்க்காரர். பாணர் குடியில் வளர்ந்தவர். ஊருக்குள் வரக் கூடாது என்பதால் காவிரித் தென்கரையில் நின்று, கோயிலைப் பார்த்தபடி பாடுவார். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகு என்றார். பாட்டில் கரைந்திருந்தவர் காதில் விழவில்லை. முனிவர் கல்லை எடுத்து எறிந்தார். ரத்தம் அங்கே பாணர் நெற்றியில் வடிய, இங்கே பெருமாள் நெற்றியிலும் வடிந்தது என்பார்கள். பெருமாள் கனவில் வந்து உத்தரவு போட்ட பிறகு, எறிந்தவரே போய்த் தோளில் தூக்கிவந்தார். உள்ளே போனார், பத்துப் பாசுரம் பாடினார், அரங்கனோடு கலந்துவிட்டார். திருப்பாணாழ்வார் கதை இது. உபன்யாசத்தில் இந்த இடம் வந்தால் மாமிகள் அழுவார்கள். நானும் சின்ன வயதில் அழுதிருக்கிறேன்.

இப்போது கேட்கத் தோன்றுகிற கேள்வி வேறு. ஆழ்வார் உள்ளே போனார், சரி. தென்கரையில் நின்ற மிச்சப் பேர்? அவருடைய அக்கா, மாமன், பக்கத்துக் குடிசைக்காரன்? அந்தத் தோளில் இரண்டாவது ஆள் ஏறியதாகக் கதை இல்லை. அந்த முனிவரைப் பார்த்து 'நீர் ஏன் மறுநாளும் போய் இன்னொருத்தரைத் தூக்கிவரவில்லை?' என்று எந்தப் பாகவதரும் கேட்டதில்லை. கல் எறிந்த கைக்கு ஒரே ஒரு தடவை சுமந்ததோடு பாவம் தீர்ந்தது, பேரும் கிடைத்தது. மிச்சப் பேரைக் கூட்டிவரும் பொறுப்பு மட்டும் யார் தலையில்? ரத்தம் வடிந்த தலையில்! ஒருத்தனைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தெருவையே வெளியே நிறுத்துகிற வித்தை இந்த ஆற்றங்கரையில் அப்போதே தேர்ந்துவிட்டது. தூக்கிவிடப்பட்டவன் தெருவையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும், ஆனால் வாசல் அவன் ஒருத்தன் அகலத்துக்குத்தான் திறக்கும்.

சரி, ஒருவன் தெருவை மறக்காமல் பேசுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். கோர்ட்டு மாலை போடுமா? பா. ரஞ்சித் இருக்கிறார். நீலம் பண்பாட்டு மையம் தொடங்கினார், 2018இல் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்று கானாவும் ராப்பும் பாடுகிற ஒரு கூட்டத்தை மேடையேற்றினார், படத்துக்குப் படம் அதையே பேசுகிறார். டீக்கடைத் தீர்ப்பு: "எப்பப் பாரு சாதி சாதின்னு. சினிமால போயி இதெல்லாம் எதுக்கு?" அதே பெஞ்சு, அதே டம்ளர், அதே வாய். பேசாதவன் துரோகி, பேசுகிறவன் சாதிவெறியன். 2019 ஜூனில் திருப்பனந்தாளில் ராஜராஜ சோழன் காலத்து நிலம் யார் கைக்குப் போனது என்று அவர் பேசியதற்கு வழக்கே பதிவானது. அன்று எங்கள் கடையில் ராஜராஜனுக்காக அடித்துக்கொண்ட மாரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உய்யக்கொண்டான் என்பது அந்த ராஜராஜனின் பட்டப்பேர்தான். அந்தப் பேரில் ஓடும் வாய்க்கால் பாலக்கரை வழியாகத்தான் போகிறது. மாரில் அடித்து முடித்து, குடித்த பேப்பர் கப்பை அதில்தான் வீசினார்கள்.

வெள்ளைக்காரன் தேசத்திலும் இதே கடை இருக்கிறது, டீக்குப் பதில் காபி, அவ்வளவுதான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறையோடு முஷ்டி உயர்த்தினார்கள். போட்டியிலிருந்தே வெளியே அனுப்பினார்கள். கருப்பர்கள் சுடப்படுவதைக் கண்டித்து 2016இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட காலின் கேப்பர்னிக்கை அந்த சீசனுக்குப் பிறகு ஒரு அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. லெப்ரான் ஜேம்ஸ் அரசியல் பேசியபோது, வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டு என்று டி.வி.யில் ஒரு அம்மா சொன்னார். வாயை மூடிக்கொண்டே பந்தைத் தட்டிய மைக்கேல் ஜோர்டானை, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று முப்பது வருஷமாகத் துளைக்கிறார்கள். தட்டினாலும் உதை, தட்டாவிட்டாலும் உதை.

அமெரிக்கக் கருப்பர்கள்மேல் எங்கள் கோர்ட்டுக்கு மிகுந்த கருணை உண்டு என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 2020 ஜூனில் ஜார்ஜ் ஃபிளாய்டுக்காக எங்கள் பாங்குக்காரர் தன் வாட்ஸாப் படத்தைக் கறுப்புக் கட்டமாக மாற்றினார். மினியாபொலிஸ் எவ்வளவு தூரம் என்று கூகுளில் பார்த்தும் சொன்னார். பாலக்கரையிலிருந்து மேலப்புதூர் எவ்வளவு தூரம் என்று அவர் பார்க்கவில்லை. கூகுள் வேண்டாம், நடந்தே போகலாம். அங்கே கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர். இந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் மற்றவர்கள். செத்த பிறகும் தீட்டு! 2010இல் அந்தச் சுவரை இடிக்கச் சொல்லிப் போராட்டம் நடந்து பத்திரிகையில் எல்லாம் வந்தது. நம் ஊரில் நிறவெறி இல்லை சார், செங்கல் கலரில்தான் இருக்கும்.

பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அந்த வாரம் எங்கள் கோர்ட்டில் எடுத்த எடுப்பில் வந்த கேள்வி: "ரஞ்சித்து என்னா சொன்னான்? இளையராஜா வாயத் தொறந்தானா?" தண்ணீர் குடித்தவர்கள் தலித்துகள், பதில் சொல்ல வேண்டியவர்களும் தலித்துகள். நாம் வாய் கொப்பளித்துவிட்டு டீ குடிக்க வந்தவர்கள்.

கடனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேட்க உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். 1956இல் ஆக்ராவில், படித்து மேலே போனவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அம்பேத்கரே மனம் வெதும்பிப் பேசினார். அது வீட்டுக்குள் நடக்கிற சண்டை. பட்டணத்துக்குப் போய் லெட்டர் போடாத தம்பியை அக்கா ஏசுகிற மாதிரி. அதே வீட்டில் பல்வாங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர். 1911இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவர், இளைஞர் அம்பேத்கருக்கு ஆதர்சம். பின்னால் பூனா ஒப்பந்தத்தில் எதிர்ப்பக்கம் நின்றார், 1937 தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியதே அவரைத்தான். தோற்றார். வீட்டுக்குள் எப்படித் தகராறு வரும், ஒருவரை எதிர்த்தே ஒருவர் எப்படி நிற்பார்கள் என்பதற்கு அதைவிட எடுப்பான கதை வேண்டாம். சேரிப் பாட்டி இளையராஜாவை ஏசட்டும். கேட்டு நிற்க வேண்டியது அவர் கடமை. பென்ஷன் பெஞ்சுக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. வாசல் வரை தண்ணீர். நான் போனை எடுத்தேன். நம்பர் 'சாக்கடை' என்ற பேரில் இருந்தது. ஆளுக்கு ஒரு பேர் இருக்கும், நான் கேட்டதில்லை. கையுறை இல்லாமல், பூட்ஸ் இல்லாமல் மூங்கில் கழியோடு வந்தார். மனிதக் கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது, அது எங்கள் தெருவுக்குள் வர வழி விசாரித்துக்கொண்டிருக்கும். சட்டையைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, முழங்கால் வரை இறங்கிக் குத்தினார். ஏதோ இளையராஜா மெட்டு ஒன்றை வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்தார்.

எனக்குள் இருந்த நீதிபதி விழித்துக்கொண்டார். மதில்மேல் சாய்ந்துகொண்டு கேட்டேன். "இவ்வளவு பாட்டு பாடுறியே, அந்த மனுசன் இத்தனை பெரிய ஆளாயிட்டாரு, உங்க ஆளுங்களுக்கு என்னாப்பா செஞ்சாரு?"

அவர் கழியை வெளியே இழுத்து ஓரமாக வைத்தார். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போன மழைக்கு வந்தப்ப முன்னூறு ரூவா அப்புறம் தரேன்னீங்க சார். அதையும் சேத்துக் குடுத்துருங்க."