உலகம் முடிந்த பிறகு ஆவணக் காப்பகம் நடத்துவது எப்படி?

அரசு ஆவணக் காப்பகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றிருக்கும் ஐயா அவர்களுக்கு வாழ்த்துகள். பேரழிவு நடந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. வரி வசூல் தொடங்கியாயிற்று, கொடியின் நிறமும் முடிவாகிவிட்டது. வரலாறுதான் பாக்கி. யாரால் எல்லாம் நாசமாய்ப் போனது என்று என்றைக்காவது ஒருவர் கேட்டுக்கொண்டு வருவார். அவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் சிக்கக் கூடாது. ஆனால் காப்பகம் என்று ஒரு கட்டடமும் அதன் வாசலில் பெரிய பலகையும் இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சாதிக்கும் வழிகளைச் சொல்கிறேன். எதுவும் என் சொந்தச் சரக்கு அல்ல. பழைய உலகத்து அரசுகள் செய்து பலன் கண்டவைதான்.

முதலில் ஓர் எச்சரிக்கை: இந்த வேலையை எதிரியிடம் விட்டுவிடாதீர்கள். அவனுக்கு அவசரம், பொறுமை கிடையாது. கி.மு. 612இல் அசீரியத் தலைநகர் நினிவேயைப் பிடித்தவர்கள் அசூர்பனிபாலின் அரண்மனையைக் கொளுத்தினார்கள். அந்த அரசனின் நூலகமோ களிமண் பலகைகளால் ஆனது. தீயில் வெந்த மண் செங்கல்லாக இறுகிவிட்டது. கொளுத்தாமல் போயிருந்தால் மழையில் கரைந்திருக்கக்கூடும். கொளுத்திய புண்ணியத்தில் சுமார் 30,000 பலகைகளும் துண்டுகளும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வரை வந்து சேர்ந்தன.

ஆகவே பாதுகாப்பில் இறங்குங்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பதிவேடுகளை எல்லாம் தலைநகரில் ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்து அடுக்குங்கள். தீப்பிடிக்காத கட்டடம் என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுங்கள். அயர்லாந்தில் 1867இல் சட்டம் போட்டு இதைத்தான் செய்தார்கள். டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவண அலுவலகம் எழுந்தது. நீதிமன்ற ஏடுகள், உயில்கள், மக்கள் கணக்கெடுப்புத் தாள்கள், தேவாலயப் பதிவேடுகள் என்று ஏழு நூற்றாண்டுக் காகிதம் அங்கே குவிந்தது. 1922இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வளாகத்துக்குள் ஆயுதக் குழு, வெளியே பீரங்கிகளோடு அரசுப் படை. ஜூன் 30 அன்று பெரும் வெடிப்பு. கருகிய தாள்கள் நகரமெங்கும் பறந்து விழுந்தன.

தப்பியவை எவை என்று பார்த்தால்தான் உங்களுக்கு விஷயம் விளங்கும். தலைநகருக்கு அனுப்பாமல் தங்கள் ஊரிலேயே பூட்டி வைத்துக்கொண்ட பாதிரியார்களின் பதிவேடுகள் தப்பின. 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்கள் அப்போது வேறு அலுவலகத்தில் கிடந்ததால் தப்பின. ஒழுங்காக வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி ஒழுங்காக எரிந்தது. உங்கள் வட்டாட்சியர்களில் எவராவது 'அனுப்புகிறோம், அனுப்புகிறோம்' என்று இழுத்தடித்தால் உடனே விளக்கம் கேட்டு மெமோ கொடுங்கள். அந்தச் சோம்பேறிகள்தான் வரலாற்றைக் காப்பாற்றிவிடுபவர்கள்.

அடுத்தது நவீனமயம். தோலும் ஓலையும் பிற்போக்கு என்று அறிவித்துவிட்டு, கிடைப்பதிலேயே புதிய கருவியை வாங்குங்கள். 1086இல் ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட இங்கிலாந்தின் டூம்ஸ்டே ஏட்டை 900 ஆண்டு கழித்தும் படிக்க முடிந்தது. அதைக் கொண்டாட 1986இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டேயைத் தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகள் நாடெங்கும் தகவல் திரட்ட, எல்லாவற்றையும் லேசர் வட்டுகளில் ஏற்றினார்கள். பதினைந்து ஆண்டு தாண்டுவதற்குள் அந்த வட்டை ஓட்டும் கருவிகள் அருகிப்போய், ஆராய்ச்சியாளர்கள் கூடி மீட்க வேண்டியதாயிற்று. நமக்கோ நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் கரண்ட். டெண்டரை இன்றே விடுங்கள்.

இவ்வளவு செய்தும் மிஞ்சுவதை விதிப்படி கழித்துக்கட்ட வேண்டும். இதில் அமெரிக்காவுக்கு இணை கிடையாது. 1890 மக்கள் கணக்கெடுப்புத் தாள்கள் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில், தீப்பிடிக்காத பெட்டகத்துக்கு வெளியே அடுக்கப்பட்டிருந்தன. 1921 ஜனவரியில் தீ. சுமார் கால் பங்கு எரிந்தது. மீதியிலும் பாதி நெருப்பிலும் புகையிலும் தண்ணீரிலும் பாழானது. மிச்சம் இருந்ததை என்ன செய்வது? 1932 டிசம்பரில் கழிக்க வேண்டிய தாள்களின் பட்டியல் நாடாளுமன்ற நூலகருக்குப் போனது. அதில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தக்கது எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை. 1933 பிப்ரவரி 21 அன்று நாடாளுமன்றம் அழிக்க அனுமதி தந்தது. அதற்கு முந்தின நாள்தான் குடியரசுத் தலைவர் ஹூவர், தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். கோப்பு நகரும் வேகத்தைக் கவனியுங்கள். எந்த வில்லனும் தேவைப்படவில்லை, பட்டியலும் கையொப்பமும் போதுமாக இருந்தன.

உண்மையிலேயே மறைக்க வேண்டியவை உங்களிடம் இருந்தால் (இருக்கும்) பிரிட்டிஷ் காலனி அதிகாரிகள் பெற்ற உத்தரவுகளைப் பின்பற்றலாம். எரித்தால் சாம்பலையும் பொடியாக்க வேண்டும். கடலில் போடுவதென்றால் பெட்டிக்கு எடை கட்டி, கரையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போய், நீரோட்டம் இல்லாத ஆழத்தில் இறக்க வேண்டும். அவர்களும் ஓரிடத்தில் கோட்டைவிட்டார்கள். சில கோப்புகளை மனசு வராமல் இங்கிலாந்துக்கே எடுத்துப்போய் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் வைத்தார்கள். கென்யாவில் வதைபட்ட முதியவர்கள் லண்டனில் வழக்குப் போட, 2011இல் அவை வெளியே வந்துவிட்டன. முதியவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வாசகர்களைக் கையாள நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. தேவார ஏடுகள் கேட்டு ராஜராஜன் தில்லைக்குப் போன கதை தெரியும் அல்லவா? தேவாரம் பாடிய மூவரும் முத்திரை வைத்துப் பூட்டிய அறை, மூவரும் நேரில் வந்தால் திறப்போம் என்றார்களாம் அங்கிருந்தவர்கள். மூவரும் மறைந்து தலைமுறைகள் பல ஆகியிருந்தன. அவன் சக்கரவர்த்தி, சளைக்காமல் மூவர் சிலைகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தித் திறக்க வைத்தான். உள்ளே பெரும்பகுதி கரையானுக்கு இரையாகியிருந்தது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் மூன்று அதிகாரிகளின் கையொப்பத்துக்கு இடம் விடுங்கள். அதில் ஒருவராவது ஓய்வு பெற்றவராக இருக்கட்டும்.

இனி முதியவர்கள். காப்பகத்துக்கு வரலாற்று ஆசிரியர்கள் வருவது அபூர்வம். தினமும் வாசலில் நிற்பவர்கள் பட்டா கேட்பவர்களும் பென்ஷன் கேட்பவர்களும்தான். அயர்லாந்தில் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1908இல் வந்தது. அங்கே எல்லாருடைய பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியதே 1864இல்தான். அதனால் கிழவர்களிடம் சான்றிதழ் ஏது? '1841, 1851 கணக்கெடுப்பில் என் பெயரைப் பாருங்கள்' என்று ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். குமாஸ்தாக்களும் அலுத்துக்கொள்ளாமல் தேடி, அந்த வீட்டில் யார் யார், என்ன வயது என்று படிவத்தில் எழுதி வைத்தார்கள். மூலத் தாள்களில் பெரும்பகுதி 1922இல் எரிந்துபோனது. பென்ஷனுக்காக எழுதிய அந்தப் படிவங்கள் எரியவில்லை. தாள் எரிந்துபோன குடும்பங்கள் பல அவற்றில் பெயர் பெயராக இருக்கின்றன.

எனவே நாளைக் காலை ஒரு பாட்டி வந்து, பேரழிவுக்கு முந்தின தன் பாட்டனார் வீட்டு விவரம் கேட்டால், மனுவைக் கையில் வாங்காதீர்கள். எண் போடாதீர்கள், ரசீது கொடுக்காதீர்கள். 'அடுத்த வாரம் வாங்க பாட்டி' என்று வாயாலேயே சொல்லி அனுப்புங்கள்.