படக்கதைக்காரர் இலக்கிய ஆசிரியரா?

கேள்வி: வாண்டுமாமாவை 'வெறும் படக்கதைக்காரர்' என்று என் நண்பர்கள் ஒதுக்குகிறார்கள். அவரை இலக்கிய ஆசிரியர் என்று சொல்லலாமா?
– ஒரு வாசகர், திருவக்கரை

பதில்: உரக்கவே சொல்லலாம். 1925-இல் அரிமளத்தில் கிருஷ்ணமூர்த்தியாய்ப் பிறந்து, பெரியவர்களுக்குக் 'கௌசிகன்' என்றும் சிறுவர்களுக்கு 'வாண்டுமாமா' என்றும் எழுதி, 'கோகுலம்', 'பூந்தளிர்' ஆகிய பத்திரிகைகளை வளர்த்த அப்பெரியாரிடம், பாலர்களுக்குத்தானே என்ற அலட்சியம் அணுவளவும் இருந்ததில்லை. நாவலாசிரியன் மழையைப் பத்து வரியில் வர்ணிக்கலாம். படக்கதாசிரியனோ மழையைச் சித்திரக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, நனைகிறவன் பேசும் நாலே வார்த்தைகளில் அவன் சுபாவம் முழுவதையும் காட்டியாக வேண்டும். ஓவியர் செல்லத்தின் தூரிகையோடு அவர் படைத்த 'பலே பாலு'வைப் பாருங்கள்: குறும்பு சித்திரத்தில் துள்ள, வசனம் அதன் குறுக்கே விழாமல் ஒதுங்கி நிற்கும். அந்த அடக்கம் சாமான்ய வித்தையன்று.

மாயாஜாலக் கதை எழுதிய அதே பேனாவால் விஞ்ஞானமும் எழுதினார். உங்கள் ஊரில் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து, நாரும் வரியும் மாறாமல் கல்லாகிப்போன மரங்களைத் தொட்டுப் பார்க்கும் குழந்தை கேட்கிற 'எப்படி?', 'ஏன்?' என்ற கேள்விகளை மதித்துப் பதில் சொன்ன எழுத்தாளர்கள் தமிழில் வெகு சொற்பம். அவர்களுள் இவர் முதல் வரிசையினர்.

2014-இல் அவர் மறைந்தார். நண்பர்களுடன் தர்க்கம் வேண்டாம். அவர்கள் வீட்டுக் குழந்தைகளிடம் வாண்டுமாமாவின் 'ஓநாய்க்கோட்டை'யைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.