முப்பதுக்கு நாற்பது

மனை வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கிழக்குப் பார்த்த இடம்" என்று மனைவியிடம் சத்தியம் செய்தவன் நான். வீடு கட்டி, பால் காய்ச்சி, அன்று சாயங்காலம் வெயில் நேராகக் கூடத்துக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. "உங்க கிழக்கு சாயங்காலம்தான் விடியுமா?" என்றாள்.

2005-ல் சர்ஜாபுரம் சாலைப் பக்கம் வாங்கியது. முப்பதுக்கு நாற்பது. பெங்களூரில் அளவைச் சொன்னால் போதும், மனை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரசு லேஅவுட்டில் இடம் கேட்க விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்திருந்தேன். அதை நிரப்புவதற்குள் தரகர் வந்துவிட்டார். அவர் காட்டியது ரெவின்யூ சைட். விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக முறைப்படி மாற்றாமலேயே, சுண்ணாம்புக் கோடு கிழித்துத் துண்டு துண்டாக விற்பதற்கு அந்தப் பெயர். எனக்கோ 'ரெவின்யூ' என்ற சொல்லிலேயே தாசில்தார் ஆபீஸ் வாசனை அடித்தது. சர்க்கார் சமாசாரம், பத்திரமாக இருக்கும் என்று பேரம் பேசாமல் வாங்கினேன்.

2007-ல் பெங்களூரு மாநகராட்சி ஏழு நகரசபைகளையும் ஒரு டவுன் முனிசிபாலிட்டியையும் 110 கிராமங்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எங்கள் கிராமமும் அதில் ஒன்று. தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். "இனிமே காவிரித் தண்ணிதான்!"

சில வருஷத்தில் வீட்டுக்கு மாநகராட்சியின் சொத்துப் பதிவான காத்தா வந்தது, அதுவும் 'பி' காத்தா. முறையான சொத்துகளெல்லாம் 'ஏ' பதிவேட்டில் இருக்கும். வரியை மட்டும் வாங்கிக்கொள்கிறோம், மற்றபடி உங்களை யாரென்றே தெரியாது என்கிற சொத்துகள் 'பி' பதிவேட்டில். மச்சான் கேட்டபோது, "ஏ-ன்னா ஆனேக்கல், பி-ன்னா பெங்களூரு" என்று விளக்கம் சொன்னேன். அவர் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருப்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்ல மனிதர், காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அவர் மகளிடம்தான் தப்ப முடியவில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் லால்பாக் பாறை மேலிருக்கும் கோபுரத்துக்கு அழைத்துப் போய்ச் சொற்பொழிவாற்றுவது என் வழக்கம். 1537-ல் கெம்பே கவுடர் கட்டிய ஊர் இது. நாலு திசையிலும் நாலு கோபுரம் வைத்து, ஊர் இதுவரைதான் வளரும் என்று அவர் வம்சத்தார் எல்லை குறித்ததாகப் பேச்சு. "அந்தக் காலத்துலயே திட்டம் போட்டிருக்காங்க. இப்ப எவன் மதிக்கிறான்?" என்று தொண்டையைச் செருமினேன். "மாமா, உங்க வீடு கோபுரத்துக்கு உள்ளயா, வெளியயா?" என்றது குழந்தை. எல்லாருக்கும் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தேன்.

தெரு விஷயத்திலும் என் யோக்கியதை அவ்வளவுதான். லேஅவுட் படத்தில் முப்பதடிச் சாலை. எதிர்வீட்டுக்காரர் கார் ஏற்றச் சரிவு கட்டி இரண்டடி எடுத்துக்கொண்டார். விடுவேனா? சம்பங்கிப் பாத்தி கட்டி நானும் இரண்டடி எடுத்துக்கொண்டேன். காவிரி வராததால் தண்ணீர் லாரிதான் கதி. ஒருநாள் அது திரும்ப இடமில்லாமல் பின்னால் வந்து, பாத்தியோடு என் காம்பவுண்டுச் சுவரையும் சாய்த்தது. டிரைவர் இறங்கி, "ரோட்டுல ஏன் சார் செடி வச்சிருக்கீங்க?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். லாரித் தண்ணீருக்கும் சுவருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன்.

இதற்கெல்லாம் உச்சம் 2017 நவம்பரில். 2031-க்கான மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகி, ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றார்கள். நான்கு பக்கம் எழுதினேன். எங்கள் லேஅவுட்டுக்கு அப்பால் உள்ள கேழ்வரகு வயல்கள் பச்சை மண்டலமாகவே நீடிக்க வேண்டும், இயற்கை, நிலத்தடி நீர், வருங்காலத் தலைமுறை என்று ஒன்றையும் விடவில்லை. மொட்டைமாடியில் காப்பி குடிக்கையில் அந்த வயல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்ற காரணத்தை மட்டும் எழுதவில்லை.

எங்கள் மனை இருந்த நிலத்தை விற்ற தாத்தா அப்போது வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு தேங்காய். "நீங்க நல்லா எழுதுவீங்களாமே, எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்க. மிச்சமிருக்கிற ரெண்டு ஏக்கருக்கு மஞ்சள் கலர் அடிக்கச் சொல்லுங்க." திட்ட வரைபடத்தில் மஞ்சள் என்றால் குடியிருப்பு. நான் பச்சை கேட்ட வயலே அவருடையதுதான். தேங்காயை வாங்கிக்கொண்டு அவருக்கும் எழுதினேன். அவர் மனு என்னுடையதைவிட நன்றாகவே அமைந்தது. இரண்டையும் ஒரே பைலில் வைத்தேன். கடைசித் தேதியைத் தப்பாகக் குறித்திருந்ததால் இரண்டுமே போகவில்லை. 2020-ல் அந்த வரைவே திரும்பப் பெறப்பட்டபோது, "பார்த்தியா, நம்ம எதிர்ப்பு!" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். பைல் இன்னும் பீரோவில் இருக்கிறது.

காவிரியும் ஒருவழியாக வந்தது. 110 கிராமங்களுக்கென ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தது 2024 அக்டோபரில். மைசூர்பாகு கொடுத்து 17 வருஷமாகியிருந்தது. இந்தத் தடவை யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

போன மாதம் தாத்தாவின் இரண்டு ஏக்கரில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. மாடியிலிருந்து பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை. காப்பியை வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இறங்கிப் போனேன். அங்கே நின்ற தரகரிடம், சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.