தேனிலவுக்குப் போனது யார்?

என் அக்கா மகனுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. வைகாசியில் அவனும் அவன் மனைவியும் பாரிஸ், இன்டர்லாகன், வெனிஸ் என்று பன்னிரண்டு நாள் தேனிலவுக்குப் போய்வந்தார்கள் என்பது குடும்பத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும் செய்தி. இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. கிடைத்த ஆவணங்களை ஒன்றுவிடாமல் புரட்டியதில், போனவர்கள் அவர்கள் இல்லை, இரண்டு சம்பந்திகளும்தான் என்று தெரியவருகிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் சம்பந்திகள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலுமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் ஆவணம் என்று வந்துவிட்டால் கண்ணால் பார்த்தவனை யார் மதிக்கிறார்கள்? பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களைக் கேளுங்கள்.

முதலில் குறியீடு. ஆய்வு அறம் கருதி, பெண்ணின் அப்பாவை 'ப' என்றும் மாப்பிள்ளையின் அப்பாவை 'மா' என்றும் குறிக்கிறேன். ஒன்று குறிலாகவும் மற்றது நெடிலாகவும் அமைந்தது தற்செயல் அல்ல. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு மாத்திரை கூடக் கொடுப்பது நம் வழக்கம். ('மா' எனக்கு அத்தான் முறை. ஆகவே ஆய்வாளன் நடுநிலையானவன் அல்ல என்று யாராவது சொன்னால், சரிதான்.)

இந்தத் துறைக்கு நம்மிடம் முன்னோடி நூல்கள் இல்லாமல் இல்லை. தலைவனும் தலைவியும் வீட்டுக்குத் தெரியாமல் ஊரைவிட்டுப் போவதைச் சங்க இலக்கியம் உடன்போக்கு என்கிறது. போகும் வழி பாலை: வெயில், கள்ளி, ஆறலை கள்வர். ஓட்டல் கிடையாது. பின்னாலேயே செவிலித்தாய் தேடிக்கொண்டு போவாள். கலித்தொகையில் எதிரே வருகிற முக்கோற்பகவரை நிறுத்தி, இப்படி இரண்டு பேரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். கவனிக்க வேண்டியது, பெற்றவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் அன்று பின்னால்தான் இடம். கூடவே போகும் வசதி வந்தது பாஸ்போர்ட்டுக்குப் பிறகு.

தேனிலவு என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்துக்கொண்டது. 1552இல் வெளிவந்த ரிச்சர்ட் ஹூலோயட்டின் அகராதி இதற்குத் தரும் விளக்கத்தில் பயணம் என்ற பேச்சே இல்லை. புதிதாய்க் கல்யாணமானவர்களின் ஆசை முதலில் அளவுக்கு மீறி இருக்கும், போகப்போக நிலவுபோலத் தேயும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நம்மூர்க் கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதுதான். பெட்டி கட்டுவது பிற்பாடு வந்தது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் வசதியுள்ளவர்கள் மணப்பயணம் போனபோது, கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வருவார்கள். சிலர் உறவுக்காரர்களையே துணைக்கு அழைத்துப் போனார்கள். நாம் இதைத்தான் விருந்து என்கிறோம். ஆக, இருவர் மட்டும் தனியாகப் போவது தேனிலவின் பிற்காலப் பாடபேதம். மூலபாடத்தில் ஆள் கூட்டம் உண்டு.

இனி ஆவணங்கள்.

நாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, அப்பாவை அதற்குள் அடக்கிவிடுகிறோம். இந்தியப் பாஸ்போர்ட் அந்தப் புள்ளியை ஏற்பதில்லை. இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறது. விரித்ததும் அப்பா முழு ஆளாக எழுந்து 'சர்நேம்' கட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அங்கிருந்து விமானச் சீட்டுக்குப் போகிறார், விசாவுக்குப் போகிறார், 30,000 யூரோவுக்குக் குறையாமல் எடுக்கவேண்டிய மருத்துவக் காப்பீட்டுக்கும் போகிறார். ஐரோப்பியர்களுக்கோ சர்நேம் என்றால் குடும்பத்தின் பெயர். மரியாதையாக அழைப்பது அதைச் சொல்லித்தான். விமான நிலையத்தில் கடைசி அழைப்பு வந்தபோது ஒலிபெருக்கி கூப்பிட்டது 'மா'வையும் 'ப'வையும். பிள்ளைகள் இரண்டும் யாரோ இரண்டு பெரியவர்கள் தாமதமாக வருகிறார்கள் போலிருக்கிறது என்று காபி குடித்துக்கொண்டிருந்தன.

பாரிஸ் ஓட்டலில் இது முற்றியது. அறையில் வரவேற்பு அட்டை ஒன்று வைத்திருந்தார்கள். மருமகன் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறான். இந்த ஆய்வின் முதன்மைச் சான்று அதுதான். 'மிஸ்டர் மா, மிஸஸ் ப ஆகியோருக்கு நல்வரவு' என்று கையால் எழுதி, பக்கத்தில் ஒரு இதயம் வரைந்திருந்தது. மிஸ்டர் மா என்பவர் யார் என்பதில் ஐயமில்லை, கும்பகோணத்தில் இருக்கிறார். ஆனால் மிஸஸ் என்ற அடைமொழி கணவர் பெயரோடு சேர்வது. 'மிஸஸ் ப' என்று உலகத்தில் ஒருவர்தான் உண்டு: பெண்ணின் அம்மா. அப்படியானால் அந்த அறைக்கு உரியவர்கள் மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அம்மாவும் என்றாகிறது. இந்த இடத்துக்கு மேல் ஆய்வைக் கொண்டுபோக வேண்டாம் என்று என் அக்கா கேட்டுக்கொண்டாள். நிறுத்திக்கொண்டேன்.

அறையில் கட்டில் இரண்டு, தனித்தனியாக. இரண்டு வேறு வேறு குடும்பப் பெயரைப் பார்த்து நியாயமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். மருமகன் கீழே போய் திருமணப் பதிவுச் சான்றிதழை நீட்டினான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். விசாவுக்கு வேண்டும் என்று இவன் முதல் மாதமே செய்துவிட்டான். வரவேற்பு மேசைக்காரர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். அதிலும் 'மா' இருந்தார், 'ப' இருந்தார். சந்தேகம் தீர்ந்தவர்போலத் தலையாட்டி, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து, கட்டில்களை அப்படியே விட்டுவிட்டார்.

அப்பாக்கள் எழுத்தாகப் போனார்கள் என்றால் அம்மாக்கள் எடையாகப் போனார்கள். ஆளுக்கு 23 கிலோ என்பது விமானக் கணக்கு. கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து 22.8இல் நிறுத்தியது என் அக்கா. புளிக்காய்ச்சல் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை அவள் கட்டிய விதம் தனியாக ஆராயத்தக்கது. வாயில் பாலிதீன், அதன்மேல் மூடி, மூடியைச் சுற்றி பிரவுன் டேப், பிறகு பழைய துண்டு, துண்டோடு சேர்த்து ஒரு லிட்டர் ரைஸ் குக்கருக்குள். குக்கரின் மீதி இடுக்கில் பருப்புப்பொடிப் பொட்டலம். கைப்பையில் வைத்திருந்தால் வேறு கதை. தொக்கு, விழுது எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் போகாது. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத தொக்கு எப்படித் திரவமாகும் என்று அக்கா கேட்ட கேள்விக்கு இயற்பியலில் பதில் இருக்கலாம், என்னிடம் இல்லை. மன்னார்குடியிலிருந்து வந்த நெய் ஜாடி மட்டும் நின்றது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருள்களைக் கையில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. நெய் இறங்கிய இடத்தில் நல்லெண்ணெய் ஏறியது. எடை மாறவில்லை.

ஏன் வைகாசி என்றும் கேட்கலாம். ஐரோப்பாவில் வெயில் நன்றாக அடிப்பது ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை. அதுதான் ஆடி, புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் மாதம். கண்டத்தின் கோடையையே நம் பஞ்சாங்கம் கச்சிதமாக மறித்து நிற்கிறது.

ஏன் பாரிஸ் என்பதற்கு 'மா'வே பதில். 1969இல் வந்த 'சிவந்த மண்' ஐரோப்பாவுக்குப் போய் எடுத்த படம். 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' ஜப்பான், ஹாங்காங் என்று கிழக்கே போனது. அத்தான் சிவாஜி கட்சி. ஆகவே மேற்கு. மருமகள் 'ஜீன்ஸ்' படத்தில் ஈபிள் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவள், மறுப்பு சொல்லவில்லை. இருட்டியபின் ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிடம் அந்தக் கோபுரத்தில் 20,000 விளக்குகள் மினுக்கும். இரவு 11 மணி மினுக்கலுக்கு அவர்கள் வீடியோ காலில் கூப்பிட்டபோது இங்கே மணி இரண்டரை. அத்தான் பனியனோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஐந்து நிமிடமும் கண்கொட்டாமல் பார்த்தார். அணைந்ததும், "மீட்டர் யார் பேர்ல இருக்கு?" என்றார்.

நான்காம் நாள் குக்கரின் பிளக் ஓட்டல் சுவரில் நுழையாமல், சோற்றைத் தேடி லா ஷப்பல் பக்கம் போனார்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே, ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உள்ள பகுதி. மாணிக்க விநாயகர் கோயிலின் தேர் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் அந்தத் தெருக்களில்தான் வருகிறது. வழியெல்லாம் சிதறுதேங்காய் உடைப்பார்கள். மரக்கறிக் கடையில் இருந்த அம்மா மருமகளின் கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"புதுசாக் கலியாணம் கட்டினனீங்களோ பிள்ளை?"

"ஆமாங்க."

"எந்த இடம்?"

"மன்னார்குடிங்க."

"அப்பாட பேர் என்ன?"

அந்த ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து அவளை அப்பா பெயரில் கூப்பிட்டவர்கள் பலர். அப்பா பெயர் என்ன என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். சொன்னாள். முருங்கைக்காய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஓட்டல் அறையில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருவரும் நெடுநேரம் யோசித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பயணத்தில் அவர்கள் தனியாகப் பேசிக்கொண்ட முதல் விஷயம் அது.

சுவிட்சர்லாந்து பற்றி ஆய்வுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்தில் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மாப்பிள்ளையின் கோட்டு, தலையில் மங்கி குல்லா. புகைப்படத்தில் உள்ளவர் பெண்ணா, அவள் அம்மாவா என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. இதையும் என் தரப்புச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வெனிஸில்தான் சிக்கல். கோண்டோலா என்பது சுமார் 11 மீட்டர் நீளப் படகு. எட்டு வகை மரம், 280 துண்டுகள். படகோட்டி பின்னால் நின்று ஒற்றைத் துடுப்பை வலப்பக்கம் மட்டும் போடுகிறார்; அதனால் படகு ஒருபக்கமாகத் திரும்பிவிடாதிருக்க இடப்பக்கத்தை 24 செண்டிமீட்டர் கூடுதல் அகலமாகக் கட்டுகிறார்கள். பார்த்தால் கோணல், போனால் நேர். கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, படகுக்கு, தலைக்கு அல்ல. இதைக் கேட்டதும் வீடியோ காலில் இருந்த அத்தான், "எத்தனை பேர் ஏறினாலும் அதே தொண்ணூறா? அப்ப ரெண்டு பேர் போறது நஷ்டம்டா" என்றார். பயணிகள் வரம்பு முன்பு ஆறு; 2020இல் அதை ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள், வருகிறவர்களின் எடை கூடிவிட்டதாம். பிள்ளைகள் இரண்டு, பெற்றவர்கள் நான்கு, ஆக ஆறு. என் முடிபு சரியென்றால் அவர்கள் விதியை மீறியிருக்க வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. ஃபோன் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள் மருமகள். ஒரு கட்டத்தில் அத்தானும் அக்காவும், மறு கட்டத்தில் பெண்ணின் அம்மா மட்டும். 'ப' எங்கே என்று பார்த்தால், சட்டகத்தின் விளிம்பில் ஒரு தோளும் துண்டின் நுனியும் மட்டும் தெரிகின்றன. "நீங்களும் வாங்க சம்பந்தி, தெரியலியே" என்று அத்தான் கூப்பிட, "இருக்கட்டும் சம்பந்தி, நான் ஓரமா நிக்கறேன்" என்றாராம். குறில் ஒதுங்கிக்கொண்டது. ஐந்து பேர், விதிக்கு உட்பட்டுத்தான்.

படகு குறுகிய வாய்க்காலில் திரும்பி ஒரு தாழ்ந்த பாலத்தின் அடியில் நுழைந்தபோது சிக்னல் போய்விட்டது. கும்பகோணத்தில் "ஹலோ, ஹலோ" என்றார்கள். மன்னார்குடியில் 'ப' அப்போதுதான் சட்டகத்துக்குள் வந்து திரையைத் தட்டிப் பார்த்தார். பாலத்தின் அந்தப் பக்கம் படகு வந்து, முகங்கள் மறுபடி தெரிந்தபோது மருமகள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மருமகன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைப்பட்ட நேரத்துக்கு ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை.