விதியை வளைக்காமல் வளைப்பது எப்படி?

வார்ஹாமர் 40,000 ஆட்டத்தில் முதல் சண்டை மேசைமேல் நடப்பதில்லை. படைப்பட்டியல் எழுதும் தாளில் நடக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987இல் வெளியிட்ட இந்த மேசைப்போர் ஆட்டத்துக்கு 2023இல் பத்தாம் பதிப்பு வந்தது. விதிகளைச் சுருக்கிவிட்டோம் என்றார்கள். விதி சுருங்கினால் வியாக்கியானம் நீளும். எந்த விதியும் உங்களுக்கு எதிராக வாய் திறக்காமல் இருக்க, கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. முதலில் பொம்மைகளை வாங்குங்கள். விதியைப் படித்துவிட்டுப் படை வாங்குவது கற்றுக்குட்டிகளின் பழக்கம். பிடித்ததையெல்லாம் வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசி, காய்ந்த பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். விதி என்ன சொல்லியாக வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதைச் சொல்லவைப்பது மட்டும்தான் பாக்கி.

2. எண்ணைப் பார்க்காதீர்கள், எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். பத்தாம் பதிப்பின் வழக்கமான 2,000 புள்ளி ஆட்டத்தில் ஒரே டேட்டாஷீட்டை, அதாவது ஒரு யூனிட்டின் விவரத்தாளை, மூன்று முறைக்கு மேல் எடுக்கக் கூடாது. பேட்டில்லைன் யூனிட்டுக்கும் ‘டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட்’ என்று குறித்த போக்குவரத்து வண்டிக்கும் மட்டும் ஆறு வரை சலுகை. கவனியுங்கள்: கட்டுப்பாடு டேட்டாஷீட்டுக்கு, டாங்கிக்கு அல்ல. லேமன் ரஸ் டாங்கியில் குழாய் மாறினால் டேட்டாஷீட்டும் மாறிவிடுகிறது. டெமாலிஷர் வேறு, எக்ஸிக்யூஷனர் வேறு, பனிஷர் வேறு. ஆகவே மூன்றுக்கு மேல் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டே, புள்ளி இடம் கொடுத்தால், ஒன்பதை வரிசையாக நிறுத்தலாம். எதிராளி முறைத்தால் குழாய்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ரசிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

3. கணக்குக்கு வருந்தாதீர்கள். இன்டர்செஸர் யூனிட்டுக்கு ஐந்து பேருக்கு ஒரு விலை, பத்துப் பேருக்கு ஒரு விலை. ஆறாவதாக ஒருவனைச் சேர்த்தால் பத்துப் பேருக்கான புள்ளியைக் கட்ட வேண்டும். மீதி நான்கு பேருக்கும் நீங்கள் பணம் கட்டியாயிற்று. அவர்கள் வரவில்லை என்பது வேறு விஷயம். இந்த நஷ்டத்தை ஆயுதத்தில் ஈடுகட்டலாம். முந்தைய பதிப்புகளில் துப்பாக்கிக்குத் தனிப் புள்ளி உண்டு. பத்தாவதில் இல்லை. எனவே பழைய பொம்மையின் கையில் எது ஒட்டியிருந்தாலும், “இவன் வைத்திருப்பது மெல்டா துப்பாக்கி என்று வைத்துக்கொள்வோம்” என்று ஆரம்பியுங்கள்.

4. உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பின்பற்றுங்கள். பாட்டின் ஒரு கோடியில் நிற்கும் சொல்லைப் பிடுங்கிக்கொண்டுபோய் மறுகோடியில் நட்டுப் பொருள் காண்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உங்களுக்கோ வசதி இன்னும் அதிகம். அடிப்படை விதி ஓரிடத்தில், அந்தந்தப் படைக்கான கோடெக்ஸ் புத்தகம் ஓரிடத்தில், டேட்டாஷீட் ஓரிடத்தில், திருத்தங்கள் இணையத்தில். ஒன்றின் எழுவாயையும் இன்னொன்றின் பயனிலையையும் சேர்த்தால் எத்தனையோ சலுகைகள் பிறக்கும். ஒரு விதியை மட்டும் தொடாதீர்கள்: டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட் வண்டியில் தொடக்கத்தில் ஒரு யூனிட்டாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையேல் வண்டி அழிந்ததாகக் கணக்கு. காலியாக வந்த குற்றத்துக்கு மரணதண்டனை. இவ்வளவு தெளிவான வாக்கியத்தில் உரையாசிரியருக்கு வேலையில்லை.

5. எழுத்தா, நோக்கமா? விதி உங்களுக்கு உதவினால், “எழுதியிருப்பதைப் படியுங்கள், அவ்வளவுதான்.” எதிராளிக்கு உதவினால், “எழுதியவர் மனதில் இது இருந்திருக்குமா, சொல்லுங்கள்.” இரண்டும் உயர்ந்த கொள்கைகளே. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லாதீர்கள். இடையில் ஒரு டீ குடிக்கும் அவகாசம் வேண்டும்.

6. பி.டி.எஃப். விஷயத்தில் நிதானம் தேவை. புள்ளிகளை அவ்வப்போது மாற்றி, மியூனிட்டோரம் ஃபீல்டு மேனுவல் என்ற பெயரில் இலவசமாக வெளியிடுகிறார்கள். உங்கள் யூனிட் விலை குறைந்தால் அன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். ஏறினால் உங்கள் ஊரில் நெட் சரியில்லை.

7. நடுவரைக் கடைசியில் கூப்பிடுங்கள். பிரஷ்ய ராணுவம் 1824இல் ஏற்றுக்கொண்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் போர்ப் பயிற்சி ஆட்டத்தில் விதிகளும் அட்டவணைகளும் மலிந்துபோய், 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். விதியால் எல்லாம் தீராது என்பதை வார்ஹாமரின் முந்தைய புத்தகங்களும் வேறு வார்த்தையில் ஒப்புக்கொண்டன: பேசித் தீரவில்லையா, பகடையை உருட்டுங்கள். உருட்டினால் உங்கள் பக்கம் விழ வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரண்டு மணி நேரம் வாதாடினாலும் அதே பாதிதான். ஆனால் வாதாடும்போது சத்தமாகப் பேசலாம்.

இந்த ஏழையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், எதிராளி தன் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். பயப்படாதீர்கள், வழிமுறை வேலை செய்கிறது என்று பொருள். அவர் இனி உங்களோடு ஆட வரமாட்டார் என்பதால், அடுத்த வாரம் விதி பற்றிய சந்தேகமே எழாது.